ஏழு மோடும் மனப்பாடம், சோலோ மட்டும் வரவில்லை

மாரிகுப்பம்_பாசஞ்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கேஜிஎஃப், ஊர்காம். இப்போது அறை கே.ஆர்.புரத்தில், வேலை ஒயிட்ஃபீல்டில். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு தமிழ்ச் சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குக் கிட்டார் வாசிக்கிறேன். ரிதத்தில் பிரச்சினை இல்லை. எந்தப் பாட்டுக்கும் கார்டு பிடித்துவிடுவேன், பாடுகிறவர் திடீரென்று அரைக் கட்டை ஏற்றினாலும் சமாளித்துவிடுவேன். லீடு, அதாவது தனியாக மெலடி வாசிப்பது என்று வந்தால்தான் கை உதறுகிறது.

ஆன்லைனில் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். மோட் என்று ஸ்கேலில் ஏழு வகையாம், ஏழு மோடுக்கும் ஏழு படம் கொடுத்தார்கள். அயோனியன், டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்சோலிடியன், ஏயோலியன், லோக்ரியன். கம்பிக்கு மூன்று நோட்டு என்று ஆறு கம்பியிலும் ஏறி இறங்குவேன். மெட்ரோனோமை 120இல் வைத்தாலும் சுத்தமாக வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இது டோரியன், இது ஏயோலியன் என்று என் காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சி மேஜரில் டி-யிலிருந்து தொடங்கினால் டோரியன் என்கிறார்கள். அதே ஏழு நோட்டுதானே, எங்கே தொடங்கினால் என்ன?

இன்னொன்று. எங்கள் கீபோர்டு வாசிக்கும் பையன் ஒரு டிராக் பதிவு செய்து அனுப்பினான். ஏ மைனர் இரண்டு பார், டி மேஜர் இரண்டு பார், திரும்பத் திரும்ப அதேதான். ஏ மைனர்தானே என்று ஏ நேச்சுரல் மைனரில் வாசித்தேன். டி கார்டு வரும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஏதோ ஒன்று இடிக்கிறது. ஐந்தே நோட்டு உள்ள பெண்டாடானிக்கில் வாசித்தால் இடிக்கவில்லை, ஆனால் யூடியூபில் எல்லோரும் வாசிப்பதைத்தான் நானும் வாசிக்கிறேன்.

எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும்? அறையில் இன்னும் இரண்டு பேர் தங்கியிருப்பதால் இரவில் ஆம்ப் போட முடியாது. மெட்ரோவில் போகிற நேரம் முழுக்க வீணாகிறது, அதில் ஏதாவது செய்ய முடியுமா?

---

டிராப்டி_டொம்லூர்:

மச்சி, மோடைத் தூக்கிப் பரண்மேல் போடு. பெண்டாடானிக்கின் ஐந்து பெட்டியையும், அதாவது ஐந்து விரல் அமைப்பையும், இணைக்கக் கற்றுக்கொள், கம்பியை இழுக்கிற பெண்டிங்கைச் சுருதியோடு பழகு, பிடித்த சோலோ நாலைக் காதால் கேட்டு எடு. டேப் (விரல் இடத்தை எண்ணில் எழுதிய தாள்) பார்த்து எடுக்காதே. 2007 மார்ச்சில் பேலஸ் கிரவுண்ட்ஸில் ஐயன் மெய்டன் மெட்டல் பேண்டு வாசித்தபோது கூட்டத்தில் நின்றவன் நான். அங்கே கேட்டதில் பெரும்பகுதி நேச்சுரல் மைனரும் பெண்டாடானிக்கும்தான். யாரும் லோக்ரியன் கேட்டுக் கத்தவில்லை.

---

அல்சூர்_ஆறுகம்பி:

டொம்லூர்காரர் சொன்னதில் காதால் எடுப்பது, சுருதியோடு பெண்டிங், இரண்டும் நூற்றுக்கு நூறு. பரண்மேல் போடச் சொன்னதை மட்டும் கொஞ்சம் தள்ளிவைப்போம். தம்பிக்கு டி கார்டில் இடிக்கிறதே, அதற்குப் பதில் மோடில்தான் இருக்கிறது.

தம்பி, எங்கே தொடங்கினால் என்ன என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை. தொடங்கும் இடத்தால் மோட் மாறாது. பின்னால் எது ஒலிக்கிறதோ அதை வைத்துத்தான் மாறும். சி கார்டு ஒலித்துக்கொண்டிருந்தால் நீங்கள் டி-யில் தொடங்கினாலும் ஜி-யில் தொடங்கினாலும் காது சி-யைத்தான் சட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமாக, வைத்துக்கொள்ளும். நீங்கள் அறையில் பின்னணி எதுவும் இல்லாமல் ஏறி இறங்குகிறீர்கள். அப்போது ஏழு படமும் ஒரே சி மேஜர்தான். உங்கள் காது ஒழுங்காக வேலை செய்கிறது, கோர்ஸ்தான் பாதியில் நின்றுவிட்டது.

ஆகவே முதல் வேலை சுருதி. போனில் தம்புரா ஆப் ஏதாவது போட்டு ஆறு கட்டை வையுங்கள், அது ஏ. ஆப் வேண்டாம் என்றால் ஐந்தாம் கம்பியை ஓபனாகத் தட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கம்பிகளில் வாசியுங்கள். அதுவும் ஏ-தான். ஆம்ப் இல்லாமல் நள்ளிரவில்கூட இதைச் செய்யலாம்.

இப்போது ஏ மைனர் பெண்டாடானிக், ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளில் ஐந்தாவது) எல்லோரும் பிடிக்கிற அந்த முதல் பெட்டி. முழுப் பெட்டியையும் மறந்துவிட்டு மெல்லிய கம்பி இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டாம் கம்பியில் 5, 8. முதல் கம்பியிலும் 5, 8. நோட்டாகச் சொன்னால் ஈ, ஜி, ஏ, சி. இரண்டு கம்பியிலும் நடுவே 6, 7 என்று இரண்டு ஃப்ரெட் சும்மா கிடக்கிறது. ஐந்து நோட்டு ஸ்கேல் ஏழாக வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்பியிலும் அந்த இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுக்கிறீர்களோ அதுதான் மோட்.

இரண்டு கம்பியிலும் 7 எடுத்தால் டோரியன். முதல் கம்பியில் 7, இரண்டாம் கம்பியில் 6 என்றால் ஏயோலியன், அதாவது உங்கள் நேச்சுரல் மைனர். இரண்டிலும் 6 என்றால் ஃப்ரிஜியன். மூன்று படம் தனித்தனியாக மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா? அது மூன்றும் இந்த நான்கு ஃப்ரெட்டுக்குள் இருக்கிறது. கை ஒரே இடத்தில் நிற்கும், ஒரு விரல்தான் நகரும். தம்புரா பின்னால் ஓட, 6ஐயும் 7ஐயும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்று அப்புறம் சொல்ல மாட்டீர்கள்.

சரி, டி கார்டில் ஏன் இடிக்கிறது? டி மேஜரில் இருப்பது டி, எஃப் ஷார்ப், ஏ. நீங்கள் நேச்சுரல் மைனர் என்று இரண்டாம் கம்பி 6ஐ, அதாவது எஃப்-ஐ வாசிக்கிறீர்கள். கீபோர்டில் எஃப் ஷார்ப், கிட்டாரில் எஃப். இடிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பையன் கொடுத்திருப்பது ஏ டோரியன் டிராக். பெண்டாடானிக்கில் எஃப்-ஏ கிடையாது, அதனால் தப்பித்தீர்கள்.

அதே டிராக்கில் ஒன்று செய்யுங்கள். ஏ மைனர் போகும்போது இரண்டாம் கம்பி 8இல் நில்லுங்கள், ஜி. டி விழுகிற அதே அடியில் 7க்கு இறங்குங்கள். வேறு எதுவும் வாசிக்க வேண்டாம். ஒரு ஃப்ரெட்தான் நகர்ந்திருக்கிறீர்கள், ஆனால் கார்டு மாறியது கேட்பவருக்குக் கிட்டாரிலிருந்தே தெரியும். லீடு என்பதில் பாதி இந்த வேலைதான். கார்டு மாறும் இடத்தில் புதுக் கார்டின் நோட்டில் போய் இறங்குவது. 120இல் ஓடுவதெல்லாம் அதற்கு அப்புறம். டிராக்கை 70க்குக் குறைத்துக் கேளுங்கள்.

மேஜர் பக்கமும் இதே கதைதான். அதே பெட்டியை அப்படியே மூன்று ஃப்ரெட் கீழே, இரண்டாம் ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள். சட்ஜம் ஏ-தான், முதல் கம்பி 5ஆம் ஃப்ரெட். இப்போது உங்கள் கையில் இருப்பது ஏ மேஜர் பெண்டாடானிக். இரண்டு கம்பியிலும் 2, 5 வரும், நடுவே 3, 4 காலி. இரண்டாம் கம்பியில் 3, முதல் கம்பியில் 4 எடுத்தால் சாதாரண மேஜர். இரண்டிலும் 3 என்றால் மிக்சோலிடியன். இரண்டிலும் 4 என்றால் லிடியன். முடிந்தது. ஏழில் ஆறு வந்துவிட்டது. ஏழாவது லோக்ரியன், பஞ்சமமே (‘ப’) இல்லாத ஸ்கேல், இப்போதைக்கு அதை விட்டுத்தள்ளுங்கள்.

நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அல்சூர், சிவாஜி நகர் பக்கம் ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துப் பழகியது. நவம்பர் வந்தால் ராஜ்யோத்சவ மேடைகள், அதற்கு முன்னால் பிள்ளையார் பந்தல்கள், தெருவுக்குத் தெரு கூப்பிடுவார்கள். மேடையில் கீபோர்டுக்காரர் திரும்பி ‘ஆறு கட்டை, கரகரப்பிரியா’ என்பார். மர்ஃபி டவுன் பேஸ் கிட்டார் பையன் ‘ஏ டோரியன்’ என்று எனக்கு மொழிபெயர்ப்பான். அதற்குள் பாடகி பல்லவியைத் தொடங்கியிருப்பார். அந்த அவசரத்தில் ஏழு படத்தில் எது என்று யோசித்தால் பாட்டு முடிந்துவிடும். 6ஆ 7ஆ என்று மட்டும் யோசித்தால் போதும்.

உங்களுக்கும் அந்தப் பெயர்கள் உதவலாம். மேஜர் சங்கராபரணம், டோரியன் கரகரப்பிரியா, ஃப்ரிஜியன் தோடி, லிடியன் கல்யாணி, மிக்சோலிடியன் அரிகாம்போதி, ஏயோலியன் நடபைரவி. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இவை ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

மெட்ரோவுக்கும் வேலை இருக்கிறது. இயர்போனில் தம்புராவைப் போட்டு வாய்க்குள்ளேயே பாடுங்கள். பஞ்சமத்திலிருந்து மேலே போகும்போது முதலில் 6, அடுத்த முறை 7. விரலுக்கு முன்னால் தொண்டைக்கு வர வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார், இடம் தாராளமாகக் கிடைக்கும்.

---

மல்லேஸ்வரம்_வீணை:

ஆறுகம்பி சார் சொன்ன 6, 7 கணக்கு அழகாக இருக்கிறது. இரண்டு சேர்க்கையை மட்டும் விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மைனர் பெட்டியில் முதல் கம்பியில் 6, இரண்டாம் கம்பியில் 7 எடுத்தால் என்ன வரும்? சுத்த ரிஷபம் (தாழ்ந்த ரி), சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த த), அது நாடகப்பிரியா, 72 தாய் ராகங்களில், அதாவது மேளங்களில், பத்தாவது. மேஜர் பெட்டியில் இரண்டாம் கம்பி 4, முதல் கம்பி 3 என்றால் வாசஸ்பதி, 64ஆவது. கோர்ஸ் கொடுத்த ஏழு படத்தில் இது இரண்டும் இருக்காது, ஏனென்றால் மேஜர் ஸ்கேலைச் சுழற்றினால் இவை கிடைக்காது. மேற்கத்திய முறையில் இரண்டும் மெலோடிக் மைனரிலிருந்து வருபவை. நான்கு ஃப்ரெட்டில் எட்டு மேளம் வாசிக்கலாம் என்றால் எனக்கே ஆசையாக இருக்கிறது.

பெட்டியை மூன்று ஃப்ரெட் இறக்கினால் ஏன் மேஜர் ஆகிறது என்றால், அது கிரக பேதம். ஐந்து நோட்டு மைனர் எங்களுக்குச் சுத்த தன்யாசி, ஐந்து நோட்டு மேஜர் மோகனம். மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் சுத்த தன்யாசி வந்துவிடும். அதனால்தான் கை அமைப்பு ஒன்றாகவே இருக்கிறது. லோக்ரியன் எங்கள் பட்டியலில் இல்லாததற்கும் சார் சொன்னதுதான் காரணம். 72 மேளத்திலும் பஞ்சமம் உண்டு.

ஒன்றில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ஃப்ரிஜியன் என்றால் தோடி என்று எழுதிவிட்டுப் போக முடியாது. ஸ்வரங்கள் ஒன்றுதான், சரி. ஆனால் தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தினால் தோடி கேட்கிற யாரும் அதைத் தோடி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கரகரப்பிரியாவும் அப்படித்தான், காந்தாரமும் நிஷாதமும் அசைந்தே வரும். ஸ்கேலைக் கண்டுபிடிக்க ராகப் பெயரை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ராகம் வாசிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கமகம், அதாவது இந்த அசைவு, கிட்டாரில் வராது என்றும் சொல்லவில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில்தானே எல்லாம் வாசித்தார்.

கேள்வி கேட்டவருக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பயிற்சி. வீணையில் 24 மெட்டு (உங்கள் ஃப்ரெட்) உண்டு, ராகத்தை ஒரே தந்தியில் ஏறி இறங்கி வாசிப்பது எங்களுக்குச் சாதாரணம். நீங்களும் பெட்டியை விட்டு வெளியே வந்து, இரண்டாம் கம்பியில் மட்டும் ஏ டோரியன் வாசியுங்கள். 5, 7, 8, 10, 12, 13, 15. சட்ஜம் 10இல். எங்கே ஒரு ஃப்ரெட் இடைவெளி, எங்கே இரண்டு என்பது கண்ணுக்கே தெரியும். அப்புறம் ஒரே ஃப்ரெட்டில் விரலை வைத்துக் கம்பியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைப் பிடியுங்கள். நாங்கள் மெட்டில் செய்வதும் நீங்கள் பெண்டிங் என்று சொல்வதும் ஒன்றுதான். இழுத்த பிறகு சரியான சுருதிக்கு வந்ததா என்று சரிபார்க்க, அடுத்த ஃப்ரெட்டில் அதே ஸ்வரத்தை வாசித்துக் கேளுங்கள்.

---

டிராப்டி_டொம்லூர்:

மேடம், நாடகப்பிரியாவை ஃபுல் டிஸ்டார்ஷனில் இப்போதுதான் வாசித்தேன். நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பரண்மேல் போட்டதை இறக்குகிறேன்.

---

மாரிகுப்பம்_பாசஞ்சர்:

அண்ணா, மேடம், இருவருக்கும் ரொம்ப நன்றி. அந்த 8இலிருந்து 7க்கு இறங்குவதை டிராக்கோடு வாசித்தேன். அறை நண்பனுக்கு இசை என்றால் காத தூரம், அவனே தலையைத் தூக்கிப் பார்த்தான்.

இரண்டு சந்தேகம். மற்ற நான்கு கம்பியில் இந்த 6, 7 எங்கே இருக்கிறது? அப்புறம், சர்ச்சில் நிறைய பாட்டு ஏ மைனரில் வரும், ஆனால் வரி முடியும் இடத்தில் கீபோர்டு பையன் ஈ மேஜர் போடுவான். அங்கே பெண்டாடானிக்கே இடிக்கிறது. இதற்கு எந்த மோட்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வாசித்ததையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப்பர் பெடல் வாங்கலாமா? கம்பியை இழுத்தால் விரல் நுனி எரிகிறது, மெல்லிய செட் போடலாமா?

---

அல்சூர்_ஆறுகம்பி:

வீணை மேடம் சொன்னது சரி, தோடியை நான் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் வீட்டிலும் சொன்னார்கள். வீட்டம்மா பாட்டு கற்றவர்.

மற்ற கம்பிகளைப் பார்ப்போம். ஆறாம் கம்பி முதல் கம்பியின் நகல், இரண்டுமே ஈ. அங்கேயும் 5க்கும் 8க்கும் நடுவே அதே 6, 7. தைவதத்தை (இரண்டாம் கம்பியில் 6, 7ஆக இருந்தது) நான்காம் கம்பியில் தேடினால் 5ஆம் ஃப்ரெட் ஜி-க்குப் பின்னால் ஒட்டியே இருக்கும். 3 என்றால் எஃப், 4 என்றால் எஃப் ஷார்ப். ரிஷபம் (முதல் கம்பியின் 6, 7) மூன்றாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட் சி-க்குப் பின்னால், 3 அல்லது 4. ஐந்தாம் கம்பியில் தேட வேண்டும் என்றால் 7ஆம் ஃப்ரெட் ஈ-யைத் தாண்டி 8, 9இல் அதே எஃப், எஃப் ஷார்ப் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். மெல்லிய இரண்டு கம்பியில் காது பழகிய பிறகு தடித்த கம்பிகளுக்குப் போங்கள்.

ஈ மேஜர் விஷயம். அதில் ஜி ஷார்ப் இருக்கிறது, உங்கள் பெண்டாடானிக்கில் ஜி இருக்கிறது. டி கார்டில் நடந்த அதே தகராறுதான், நோட்டுதான் வேறு. அந்த ஈ மேஜர் ஒலிக்கும் நேரத்துக்கு மட்டும் இரண்டாம் கம்பி 8ஐ 9 ஆக்குங்கள். ஏ மைனர் திரும்பியதும் 8க்கே வந்துவிடலாம். அந்த 9ஐ, இரண்டாம் கம்பி 6, முதல் கம்பி 7 என்பதோடு சேர்த்து வாசித்தால் ஹார்மோனிக் மைனர், நம் ஊர்ப் பெயரில் கீரவாணி. இது உங்கள் ஏழு மோடில் எதுவும் இல்லை, அதனால்தான் படத்தில் தேடிக் கிடைக்கவில்லை. 6இலிருந்து 9க்குத் தாவும்போது மூன்று ஃப்ரெட் இடைவெளி வருகிறதே, சோகப் பாட்டுகளில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன சத்தம் அதுதான். ஈ மேஜரிலேயே ரொம்ப நேரம் நின்று, ஈ-யைச் சட்ஜமாக வைத்து இதே நோட்டுகளை வாசித்தால் வகுளாபரணம் ஆகிவிடும். அது மேடமின் ஏரியா, நான் அதற்குள் போகவில்லை.

ஆராதனையில் வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாடுகிறவர்கள் வாய் திறந்திருக்கும் வரை நீங்கள் வாசிக்க வேண்டாம். வரி முடிந்து மூச்சு எடுக்கும் இடத்தில் இரண்டு நோட்டு போதும். ஈ மேஜர் விழும் இடமும் அங்கேதான் வரும், 9இல் ஆரம்பித்து முதல் கம்பி 5இல் முடித்தால் ஜி ஷார்ப் ஏ-யில் போய் உட்காரும்.

கம்பி 10–46 தடிமன் செட் போட்டிருந்தால் மெல்லிய 9–42க்கு மாற்றுங்கள், இழுக்கச் சுலபமாக இருக்கும். மாற்றிய பிறகு ட்யூனிங்கும், ஃப்ரெட்டில் கம்பி உரசுகிறதா என்பதும் பார்த்துக்கொள்ளுங்கள், இழுவிசை குறைவதால் கழுத்து கொஞ்சம் நகரும். லூப்பர் இப்போது வேண்டாம். கீபோர்டு பையனிடம் ஏ மைனர், ஈ மேஜர் மாறி மாறி வருகிற டிராக் ஒன்று போனில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள், 70 வேகத்தில், டிரம்ஸ் இல்லாமல்.